மலையகத்தில் பித்தளை துலக்குதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக் குத்துவிளக்கு, தூக்குவிளக்கு, செம்பு, குடம், கூத்துச் சலங்கை, தோட்டக் கோயில் மணி ஆகியவற்றைப் பற்றி நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கங்களில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள் இவை. கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ சரிவரும் முறை மலையில் பாதியில் கைவிட்டுவிடுவதற்குப் பெரும்பாலும் ஈரமே காரணம். ஆகவே எதைப் போட்டுத் தேய்ப்பது என்பதோடு, தேய்த்த பின் என்ன செய்வது என்பதற்கும் இங்கே இடம் கொடுத்திருக்கிறோம்.

எல்லாவற்றுக்கும் பொருந்துகிற ஒரே முறை உண்டா?

இல்லை. முதலில் என்ன அழுக்கு என்று பாருங்கள். கறுப்பாகப் பிசுபிசுத்தால் அது எரிந்த எண்ணெயும் கரியும். அதற்குக் காரம் வேண்டும், அதாவது சலவைச் சோடாவோ சாம்பலோ. மங்கிய தவிட்டு நிறம் என்றால் அது உலோகத்தின் மேலே படிந்த ஒட்சைட்டு. அதற்குப் புளிப்பு வேண்டும். மூலை முடுக்கில் உலர்ந்த பச்சைத் தூளாக இருப்பது களிம்பு. அதற்கும் புளிப்புத்தான், ஆனால் முன்பாக மூங்கில் குச்சியால் சுரண்டிவிட வேண்டும். கீறல்களுக்கும் இரசாயனம் எதுவும் உதவாது, மெருகுத் தேய்ப்பு மட்டுமே உதவும்.

பலர் எண்ணெய்ப் பிசுக்கின் மேலேயே நேராகப் புளியைத் தேய்க்கிறார்கள். எண்ணெய்ப் படலம் புளிப்பை உலோகத்தில் படவிடாது. கை வலிக்கும், விளக்கு திட்டுத் திட்டாக வெளுக்கும். எண்ணெய் போன பிறகுதான் புளி.

என்னிடம் இருப்பது பித்தளைதானா என்று எப்படி அறிவது?

காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது இரும்பு, மேலே பித்தளைப் பூச்சு மட்டும். அதைப் புளிப்பில் ஊறப்போட்டால் பூச்சு போய் உள்ளே துருப்பிடிக்கும். சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து உலர்த்துவதோடு நிறுத்துங்கள். காந்தம் ஒட்டாமல், அளவுக்கு மீறிய இலேசாக இருந்தால் அலுமினியத்தின் மேல் பூச்சாக இருக்கலாம். அதற்கும் இதே விதி.

புதிதாக வாங்கிய சாமான்களில் இன்னொரு சிக்கல் உண்டு. கண்டி வீதியில் பிலிமத்தலாவைக் கடைகளில் அடுக்கியிருக்கும் பளபளப்பான அலங்காரச் சாமான்கள் சிலவற்றுக்கு மேலே தெளிந்த வார்னிஷ் பூசியிருப்பார்கள். மங்கிய ஓரிடத்தில் தேசிக்காய்ச் சாறு ஒரு துளி விட்டு இரண்டு நிமிடம் பொறுங்கள். அந்த இடம் வெளுத்தால் வெறும் பித்தளை. ஒன்றுமே நடக்காவிட்டால் வார்னிஷ் இருக்கிறது. அலங்காரத்துக்கு மட்டும் வைப்பதென்றால் வார்னிஷை அப்படியே விடுங்கள். திரி எரிக்கப் போகிறீர்கள் என்றால், சுடர் படுகிற அகலில் அது கருகி உரியும். அந்தப் பகுதியைத் தின்னரில் நனைத்த துணியால் முன்னமே துடைத்து எடுத்துவிடுவது நல்லது. காற்றோட்டமான வெளியிடத்தில், அடுப்புக்கும் விளக்குக்கும் தூரத்தில் செய்யுங்கள். தின்னர் வாடை முற்றாகப் போன பிறகே திரி ஏற்றலாம்.

அகலில் பச்சை நிறத்தில் பசை மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதுவும் களிம்பா?

இது வேறு. தேங்காயெண்ணெயோ நல்லெண்ணெயோ அகலில் நாள்கணக்கில் தேங்கிக் கிடந்தால் அதிலுள்ள கொழுப்பமிலம் செம்போடு சேர்ந்து பச்சைப் பசையாகிவிடும். தொட்டால் ஒட்டும், தண்ணீரில் கரையாது, புளிக்கும் எளிதில் மசியாது. விளக்கின் மரைகள் இறுகித் திறக்க முடியாமல் போவதற்கும் பெரும்பாலும் இந்தப் பசையே காரணம்.

விளக்கைக் கழற்ற முடிந்த அளவு கழற்றுங்கள். மரை இறுகியிருந்தால் பிளையர் போட்டுத் திருக வேண்டாம், பித்தளை மென்மையானது, பல் பதிந்துவிடும். இணைப்பைச் சுற்றிக் கொதிநீர் ஊற்றி, துணியால் பிடித்துத் திருகினால் பசை இளகி வழிவிடும். அப்படியும் வராவிட்டால் இணைப்பில் சில துளி மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு வையுங்கள். அதன் பிறகு கொதிநீர் ஊற்றுவதானால் அடுப்புக்குத் தூரத்தில் வைத்தே ஊற்றுங்கள்.

பிறகு ஒரு பிளாஸ்டிக் வாளியில் லீற்றருக்கு இரண்டு மேசைக்கரண்டி சலவைச் சோடா என்ற கணக்கில் சூடான தண்ணீரில் கரைத்து, பாகங்களை அரை மணி நேரம் ஊறவிடுங்கள். கையுறை போடுங்கள், சோடா தோலை உரிக்கும். பழைய பற்தூரிகையும் மூங்கில் குச்சியும் போதும். கத்தி, கம்பித் தும்பு இரண்டையும் தள்ளி வையுங்கள். அலுமினியப் பாத்திரத்தில் இந்தக் கரைசலை வைத்தால் பாத்திரமே அரிக்கும். சலவைச் சோடா கிடைக்காவிட்டால், சலித்த விறகுச் சாம்பலைக் குழைத்துத் தேங்காய்த் தும்பால் தேய்க்கலாம். வேலை நடக்கும், நேரம் பிடிக்கும்.

புளி, தேசிக்காய், கொறக்கா, வினாகிரி: எது சிறந்தது?

நான்கும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. புளியில் தார்த்தாரிக் அமிலம், தேசிக்காயில் சித்திரிக் அமிலம், வினாகிரியில் அசற்றிக் அமிலம், கொறக்காவிலும் பழ அமிலங்கள். வேறுபாடு அவை உலோகத்தில் தங்கி நிற்கும் விதத்தில் இருக்கிறது. வினாகிரியும் தேசிக்காய்ச் சாறும் தண்ணீராக வழிந்தோடிவிடும், செங்குத்தான தண்டில் நிற்காது. புளி கூழாக ஒட்டி நிற்கும். அதனால் குத்துவிளக்குக்குப் புளியே முதல் தெரிவு.

இரண்டடி விளக்குக்கு 50 கிராம் புளி, கால் லீற்றர் சுடுதண்ணீர். இருபது நிமிடம் ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்து, கொட்டை, நார் எடுத்துவிட்டு, ஒரு தேக்கரண்டி உப்பு சேருங்கள். பூசி ஐந்து முதல் பத்து நிமிடம் விட்டுத் தும்பால் தேயுங்கள். காயவிட வேண்டாம். காய்ந்த இடத்தில் கோடு விழும், அந்தக் கோட்டை எடுக்க மறுபடி முழு விளக்கையும் பூச வேண்டி வரும்.

உப்பு வேலையை விரைவாக்கும். ஆனால் மரையிலும் பூவேலைப்பாட்டின் பள்ளத்திலும் மிஞ்சி நிற்கும் உப்புத்தான் இரண்டு வாரத்தில் பச்சைப் புள்ளியாகத் திரும்பி வருகிறது. நுணுக்கமான வேலைப்பாடு உள்ள சாமானுக்கு உப்பில்லாமல் செய்யுங்கள், ஐந்து நிமிடம் கூடப் போகும், அவ்வளவே. கொறக்காவின் கறுப்புச் சாறு துணியில் கறையாகும் என்பதைத் தவிர அதில் குறையில்லை.

கோயிலில் ஐம்பது விளக்கு இருக்கிறது. ஒவ்வொன்றாகப் புளி பூச முடியாதே?

திருவிழாவுக்கு முந்திய வாரம் இதற்கு ஊறல் முறைதான் சரி. கேக் சாமான் விற்கும் கடைகளில் ‘சிட்ரிக் அசிட்’ என்று கேட்டால் வெள்ளைப் பளிங்குத் தூளாகக் கிடைக்கும். ஒரு லீற்றர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 30 கிராம், அதில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி. கை பொறுக்கும் சூடு போதும். குளிர்ந்த தண்ணீரில் கரைசல் மந்தமாக வேலை செய்யும். நுவரெலியாவில் மார்கழிக் காலையில் குழாய்த் தண்ணீரை அப்படியே எடுத்துக் கரைத்துவிட்டு, தூள் மோசம் என்று கடைக்காரரைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை.

ஐந்து நிமிடத்தில் எடுத்துப் பாருங்கள். போதாவிட்டால் மேலும் ஐந்து. பதினைந்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். கரைசல் நீலப்பச்சையாகி வேலையும் மந்தமாகிவிட்டால் புதிதாகக் கரையுங்கள். வாளி பிளாஸ்டிக்காக இருக்கட்டும். அதற்குள் இரும்பு ஆணி, கம்பி, இரும்புக் கரண்டி எதுவும் போகக் கூடாது. கரைசலில் ஏற்கெனவே கரைந்திருக்கும் செம்பு இரும்பின் சேர்க்கையால் மறுபடி பித்தளை மேல் படிந்து, விளக்கெல்லாம் செம்பு நிறமாகிவிடும்.

புளியையும் சாம்பலையும் சேர்த்துத் தேய்ப்பது வழக்கமாயிற்றே?

இரண்டும் தனித்தனியே நல்ல பொருள்கள். சாம்பல் காரம், புளி அமிலம். ஒன்றாகக் குழைத்தால் ஒன்றை ஒன்று முறித்துவிடும். மிஞ்சுவது சாம்பலின் அரைப்புத் தன்மை மட்டும். முதலில் சாம்பல், கழுவிவிட்டுப் பிறகு புளி என்று வரிசைப்படுத்தினால் இரண்டின் பயனும் கிடைக்கும். தேசிக்காயும் அப்பச்சோடாவும் சேர்ந்து நுரைப்பதைக் காட்டும் வீடியோக்களும் இதே கதைதான். நுரை பார்க்க அழகாக இருக்கும்.

செங்கல் தூளைப் பற்றியும் கேட்கிறார்கள். நன்றாகச் சலித்த தூள் தடித்த வார்ப்பு விளக்குக்குத் தாங்கும். மெல்லிய தகட்டுச் செம்பிலும், எழுத்து வெட்டிய சாமானிலும் அது கீறல் போடும், உபயகாரர் பெயர் ஒவ்வோர் ஆண்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து போகும்.

துலக்கியதும் விளக்கு ரோஸ் நிறமாகிவிட்டது. பாழாகிவிட்டதா?

பாழாகவில்லை. பித்தளை என்பது செம்பும் நாகமும் (துத்தநாகம்) சேர்ந்த கலப்பு. அமிலத்தில் அதிக நேரம் கிடந்தால் மேற்பரப்பிலிருந்து நாகம் முதலில் கரைந்து போகும், மிஞ்சிய செம்பு ரோஸாகத் தெரியும். இரும்புத் தொடர்பால் செம்பு படிந்தாலும் இப்படியே தெரியும். இரண்டுமே மிக மெல்லிய படலம். மெருகுப் பசையோ, வெள்ளைப் பற்பசையோ, சலித்த மென்மையான சாம்பலோ வைத்து ஈரத்துணியால் தேய்த்தால் அடியிலுள்ள மஞ்சள் வெளிவரும். இன்னும் ஒரு முறை அமிலத்தில் போட்டால் சரியாகும் என்று நினைப்பதுதான் தவறு, அது ரோஸை ஆழமாக்கும்.

இரண்டே நாளில் மறுபடி கறுக்கிறது. என்ன செய்வது?

பெரும்பாலும் துலக்கியதில் குறை இருக்காது. கழுவியதிலும் உலர்த்தியதிலும் இருக்கும். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவை நனைத்துக்கொண்டே இருக்கும். மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் துவைத்த துணியே நாட்கணக்கில் காயாத காலம் அது. அமிலம் மிச்சமுள்ள உலோகத்தை அந்தக் காற்றில் நிமிர்த்தி வைத்தால் சொட்டுத் தண்ணீர் ஒவ்வொன்றும் ஒரு கறுப்பு வளையமாகும்.

ஆகவே புளிப்பு முடிந்ததும் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். அடுத்து ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடா கரைத்து, ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். ஒளிந்திருக்கும் அமிலம் இங்கே முறிந்துவிடும். மறுபடி நல்ல தண்ணீர். கடைசியாகக் கொதிக்கும் நிலைக்குக் கொஞ்சம் கீழான சுடுநீரில் ஒரு நிமிடம் வைத்து, இடுக்கியால் எடுங்கள். சூடேறிய பித்தளை தன் மேலுள்ள தண்ணீரைத் தானே ஆவியாக்கிவிடும். உடனே பருத்தித் துணியால் துடைத்து, மரைகளுக்குள் துணித் திரியை நுழைத்து ஈரம் ஒற்றி எடுங்கள். இந்தச் சுடுநீர்க் குளியலைத் தவிர்ப்பவர்கள்தான் பெரும்பாலும் இந்தக் கேள்வியோடு வருகிறார்கள்.

உலர்த்துவதற்கு விறகடுப்பின் மேலுள்ள பரணைப் பயன்படுத்த வேண்டாம். சூடு கிடைக்கும் என்பது சரிதான், ஆனால் விறகுப் புகையில் கரியோடு அமில ஆவியும் உண்டு. வெயில் எறிக்கும் ஒரு மணி நேரம் கிடைத்தால் அதுவே போதும்.

பிறகு காப்பு. தேங்காயெண்ணெய் தடவிவைப்பது பழக்கம், ஆனால் மேலே சொன்ன பச்சைப் பசைக்கு விதை போடுவதும் அதுதான். வாகனத்துக்குப் பூசும் வக்ஸோ மரத் தளபாட வக்ஸோ மிக மெல்லியதாகத் தடவி, காய்ந்ததும் துணியால் தேய்த்து எடுங்கள். தண்டுக்கும் பாதத்துக்கும் மட்டும். சுடர் படும் அகலுக்கு எதுவும் பூச வேண்டாம். மரைகளுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி. அது கனிய எண்ணெய் என்பதால் பசையாகாது.

பிராஸோ போன்ற மெருகுத் திரவம் போதாதா?

மெருகுத் திரவத்தில் நுண்ணிய அரைப்புத் தூள் இருக்கிறது. அது மங்கலை எடுத்து மினுக்கும். களிம்பையும் கரியையும் எடுப்பது அதன் வேலையல்ல. கொஞ்சமாகத் துணியில் எடுத்துத் தேய்த்து, வெள்ளையாகக் காய்ந்ததும் வேறு துணியால் துடையுங்கள். பூவேலைப்பாட்டுப் பள்ளங்களில் வெள்ளைத் தூள் தங்கிவிட்டால் பார்க்க அசிங்கம், அதைச் சவர்க்காரத் தண்ணீரும் பற்தூரிகையும் எடுக்கும். சில மெருகுகளில் அமோனியா இருக்கும், போத்தலின் எழுத்தைப் படியுங்கள். மெல்லிய தகட்டுப் பாத்திரங்களில் அவற்றைப் பூசிக் கிடக்கவிட வேண்டாம். காரணம் வெடிப்பு பற்றிய கேள்வியில் வருகிறது.

கழிவறை கழுவும் அமிலத்தில் ஒரு நொடியில் வெளுக்கிறதே?

வெளுக்கும். உலோகத்தையும் தின்னும், சொரசொரப்பாக்கும், ஆவி நெஞ்சைப் பிடிக்கும். வெளிற்றித் திரவம் (பிளீச்) பக்கத்தில் இருந்து இரண்டும் கலந்தால் குளோரீன் வாயு வெளியாகும். செய்ய வேண்டாம்.

கூத்துச் சலங்கைகளை எப்படித் துலக்குவது?

காமன் கூத்து நெருங்கும்போது வரும் கேள்வி இது. சலங்கைக்குள்ளே இருப்பது பெரும்பாலும் இரும்புக் குண்டு. புளியிலோ சிட்ரிக் கரைசலிலோ போட்டால் குண்டு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும், ஓசை செத்துவிடும். தோல் வாரும் கெடும். எனவே சலங்கைக்கு உலர் முறைதான்.

வாரிலிருந்து கழற்ற முடியுமென்றால் கழற்றுங்கள். மூடியுள்ள ஐந்து லீற்றர் வாளியில் பாதிக்கு உலர்ந்த உமி, அதில் சலங்கைகள், ஒரு தேக்கரண்டி மெருகுப் பசை. பசையை முதலில் உமியோடு நன்றாகப் பிசிறிவிடுங்கள். மூடியை இறுக்கி, வாளியைப் படுக்கவைத்து மெதுவாக உருட்டுங்கள். அரை மணி நேரத்தில் மாற்றம் தெரியும், ஒரு மணி நேரம் போதுமானது. உமியிலுள்ள சிலிக்கா இலேசாக அரைத்து மங்கலை எடுக்கும். சுட்ட துப்பாக்கி ரவையின் வெறுங் கூடுகளை மீண்டும் நிரப்புகிறவர்கள் வெளிநாடுகளில் சோளக்கதிரின் நொறுங்கிய தண்டையும் அக்ரூட் (வால்நட்) கொட்டை ஓட்டுத் தூளையும் போட்டுச் சுழற்றுவதும் இதே தத்துவத்தில்தான். அங்கே மோட்டார் உருட்டுகிறது, இங்கே வீட்டுப் பிள்ளைகள் உருட்டலாம்.

உமி பதுளை, மகியங்கனைப் பக்கத்து அரிசி ஆலைகளில் கிடைக்கும். கோழிக்கூட்டில் விரித்து எடுத்த உமி வேண்டவே வேண்டாம். வாளியைத் திறக்கும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள், பழைய பித்தளைத் தூசியில் ஈயம் இருக்கக்கூடும். சலங்கையின் பிளவில் உமி சிக்கியிருந்தால் ஊசியால் தட்டி எடுங்கள். கழற்ற முடியாத சலங்கையை மெருகு தொட்ட துணியால் ஒவ்வொன்றாகத் துடைப்பதைத் தவிர வழியில்லை.

கோயில் மணிக்கும் விக்கிரகத்துக்கும் இதே முறையா?

மணி பெரும்பாலும் வெண்கலம், அதாவது செம்பும் வெள்ளீயமும். வெளியே தொங்கும் மணியில் படிந்திருக்கும் கரும்பச்சைப் படலம் அதற்குக் கவசம், சவர்க்காரத் தண்ணீரால் கழுவித் துடைப்பதோடு விடலாம். நாக்கு தொங்கும் வளையத்தின் தேய்மானத்தைப் பாருங்கள், அதுதான் ஆபத்தான இடம். பஞ்சலோக விக்கிரகத்தில் அமிலமும் அரைப்புத் தூளும் படக்கூடாது. அது குருக்களும் ஸ்தபதியும் முடிவு செய்ய வேண்டிய விடயம்.

பொங்கல் பானை, சமையல் பாத்திரம்?

உள்ளே வெள்ளையாக வெள்ளீயம் பூசியிருந்தால் புளி, தும்பு, மெருகுத் திரவம் எதுவும் உள்ளே போகக் கூடாது. மென்துணியும் சவர்க்காரமும் போதும். வெறும் பானையை அடுப்பில் ஏற்ற வேண்டாம், அந்தப் பூச்சு 232 பாகை செல்சியஸிலேயே உருகும். பூச்சில்லாத பித்தளையில் பொங்கலைப் பொங்கி உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றலாம். புளிக்குழம்பு, ரசம், தயிர் மூன்றும் அதில் வேண்டாம், செம்பு உணவில் இறங்கி வாந்தி வரும். உள்ளே பச்சை தெரிகிற பாத்திரத்தை முற்றாகத் துலக்காமல் அடுப்பில் வைக்கவே கூடாது. பூச்சில்லாத உள்பக்கத்துக்குக் கடைமெருகும் வேண்டாம், புளியும் சவர்க்காரமும் மட்டும்.

பத்திரமாகக் கட்டி வைத்த குடத்தில் கோடு கோடாக வெடிப்பு விழுந்திருக்கிறது. யாரும் கீழே போடவில்லை. ஏன்?

எதில் கட்டி வைத்தீர்கள் என்று பாருங்கள். தோட்டங்களில் வெற்று உரப் பைகள் எளிதாகக் கிடைக்கும், கோயில் சாமான்களும் அவற்றுக்குள்தான் போகும். யூரியா மிச்சம் ஈரத்தில் சிதைந்து அமோனியாவாகும். தகட்டை அடித்தோ சுழற்றியோ செய்த குடத்திலும் செம்பிலும் செய்தபோதே உள் இறுக்கம் தங்கியிருக்கும். இறுக்கம், ஈரம், அமோனியா மூன்றும் சேர்ந்தால் பித்தளை தானாகவே வெடிக்கும்.

பிரித்தானிய இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள் இப்படித்தான் வெடித்தன. குதிரைச் சிறுநீரிலிருந்து வந்த அமோனியாவே காரணம் என்பது 1921இல்தான் விளக்கப்பட்டது. லாயத்துக்குப் பதில் இங்கே மாட்டுப்பட்டி, கோழிக்கூடு, உரக் களஞ்சியம். இவற்றின் சுவரை ஒட்டிய அறையிலும் வைக்க வேண்டாம். வார்ப்பு விளக்குகளுக்கு ஆபத்து குறைவு, தகட்டுச் சாமான்களுக்கே அதிகம்.

வெடித்ததைத் துலக்கிச் சரிசெய்ய முடியாது. பித்தளைப் பட்டறையில் பற்றவைத்துத் தருவார்கள். ஆனால் ஈயப் பற்று வைத்த பாத்திரத்தை உணவுக்கோ குடிநீருக்கோ பயன்படுத்த வேண்டாம். வைப்பதற்கு மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியும் நன்கு உலர்ந்த பழைய பருத்திச் சேலையும் போதும். கம்பளியும் இறப்பர் வளையமும் கந்தகம் விட்டுக் கறுப்புக் கோடு போடும். பத்திரிகைத் தாள் ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துவைக்கும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை துலக்க வேண்டும்?

தினமும் எரியும் விளக்குக்கு வாரம் ஒருமுறை பழைய எண்ணெயைக் கொட்டி, சுடுநீரும் சவர்க்காரமும். புளிப்பு ஆண்டுக்கு மூன்று நான்கு முறை போதும்: தைப்பொங்கல், ஊர்த் திருவிழா, தீபாவளி, கார்த்திகை விளக்கீடு. ஒவ்வொரு புளிப்பும் கொஞ்சம் உலோகத்தைக் கொண்டுபோகிறது.

கழுவிய தண்ணீரை எங்கே ஊற்றுவது?

நீலப்பச்சைக் கரைசலில் செம்பு கரைந்திருக்கிறது. மீனுக்கும் தவளைக்கும் அது நஞ்சு, மரக்கறிப் பாத்திக்கும் ஆகாது. பீலிக்கு மேற்பக்கம் உட்கார்ந்து துலக்கினால் கீழே தண்ணீர் பிடிப்பவர்களின் குடத்துக்கே அது போகும். வாளியில் அப்பச்சோடாவைச் சிறிது சிறிதாகப் போட்டு நுரைப்பு அடங்கும் வரை கலக்குங்கள். ஓர் இரவு வைத்தால் செம்பில் ஒரு பகுதி அடியில் பச்சை வண்டலாக இறங்கும். மேலுள்ள தண்ணீரை ஓடைக்கும் கிணற்றுக்கும் தூரமாக, எதுவும் நடாத நிலத்தில் ஊற்றலாம். வண்டலைப் பழைய துணியில் வடித்துக் காயவைத்து, பிளாஸ்டிக் பையில் கட்டிக் குப்பையோடு கொடுத்துவிடுங்கள்.